எத்தனை தடவை என்று கேட்ட தாள்

தெரெக்தி ஊர்த் தேவாலயத்தின் பின்பக்கம், நிலக்கரிக் கொட்டகையை ஒட்டி, ஒரு சின்ன அப்ப அறை இருக்கிறது. ஓர் அடுப்பு, ஒரு நீள மேஜை, மூலையில் ஒரு மாதா படம், அவ்வளவுதான். அந்த அறையின் சாவி இருபத்தோரு வருடம் கிளாவ்தியா யெகோரோவ்னாவின் கழுத்தில், சிலுவைக் கயிற்றுக்குப் பக்கத்தில் தனிக் கயிற்றில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஐந்து பெரிய அப்பம் வேண்டும். சனங்களுக்குக் கொடுக்கச் சின்னது அறுபது எழுபது. ஒவ்வொரு பெரிய அப்பமும் இரண்டு வட்டம். கீழ்வட்டத்தின் மேல் சின்ன வட்டத்தை வைத்து, அதில் சிலுவை முத்திரையைப் பதிக்க வேண்டும். மாவுக்குள் காற்று நின்றுவிட்டால் வேகும்போது முத்திரை உப்பிக்கொண்டு சிலுவை கோணிவிடும். அதனால் பதித்த கையோடு ஊசியால் குத்தி விடவேண்டும். எங்கே குத்துவது, எவ்வளவு ஆழம் என்பது கிளாவாவின் விரலுக்குத் தெரியும். அவள் சுட்ட காலத்தில் கோணல் சிலுவை ஒன்றுகூடப் பீடம் ஏறியதில்லை.

இந்த வருடம் தவக்காலம் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது, இருபத்தொன்பது வயதுச் சாமியார் ஒருவர் கையை நீட்டி அந்தச் சாவியை வாங்கிக்கொண்டார். கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். அதற்கு முன்னால் கிளாவா யார், அவள் எப்படி அந்த அறைக்குள் வந்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாமியார் பக்கம் நியாயம் இருப்பதுபோலத் தோன்றிவிடும்.

அவள் தெரெக்தியிலேயே பிறந்தவள். பதினெட்டு வயதில் சர்க்கரை ஆலையில் சேர்ந்தாள். கிழங்கு கழுவும் பிரிவு. லாரி லாரியாக வந்து கொட்டும் சேற்றுக் கிழங்கைக் குளிர்ந்த தண்ணீரில் புரட்டிப் புரட்டி விடவேண்டும். புருஷன் ஸ்தெபான் அதே ஆலையில் லாரி ஓட்டினான். பொல்லாதவன் என்று சொல்ல முடியாது. எதையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ளாதவன். நாத்யா என்று ஒரே மகள். மூன்று பேருக்கும் ஆலைக் குடியிருப்பில் ஓர் அறை. சமையலறையை ஆறு குடும்பம் பங்கு போட்டுக்கொண்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் மறுபடி நாள் தள்ளிப்போனது. ஸ்தெபானிடம் சொன்னாள். நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான். அவள் பார்த்துக்கொண்டாள். அந்த நாளில் கருவைக் கலைப்பது அந்த ஊரில் பல் பிடுங்கிக்கொள்வது போலத்தான். ஆஸ்பத்திரியில் எட்டுக் கட்டில் போட்ட வார்டு, மூன்று நாள் லீவுச் சீட்டு, வெளியே வந்தால் மறுபடி கிழங்கு. பக்கத்துக் கட்டிலில் அதே ஷிப்டில் வேலை செய்த ராயிசா. இருவரும் படுத்தபடியே மேற்பார்வையாளரின் தொப்பையைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். பாவம் என்ற சொல்லை அங்கே யாரும் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை, கட்சிக்காரனும் சொல்லவில்லை, புருஷன்மார் யாரும் சொல்லவில்லை.

எழுபத்தாறில் இரண்டாவது தடவை. இந்த முறை வீட்டுக்கு வந்ததும் நாத்யா கேட்டாள், எங்கே போயிருந்தாய் என்று. கிளாவா வாயில் வந்ததைச் சொன்னாள்: பல் பிடுங்கப் போயிருந்தேன். ஆறு வயசுப் பிள்ளை அவள் மடியில் ஏறி, வாயைத் திறக்கச் சொல்லி, விரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணியது.

"எல்லாப் பல்லும் இருக்கேம்மா," என்றது.

கிளாவா எழுந்து பொதுச் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். ஐந்து குடும்பத்துப் பெண்களும் அங்கே இருந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும்.

பன்னிரண்டு வருடம் அந்த அழுகையை உள்ளேயே வைத்திருந்தாள். எண்பத்தெட்டில் மூடிக் கிடந்த தேவாலயத்தை அரசாங்கம் திறந்துவிட்டது. நிகாந்தர் சாமியார் வந்தார். குள்ளமான மனிதர், இளம் வயதில் ஏழு வருடம் அரசாங்கத்தின் கைதி முகாமில் இருந்து பனியில் இடது கையில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவர். கிளாவா அவரிடம் போய் நின்றாள். லீவு கேட்பது போல விறைப்பாக நின்று, இரண்டு தடவை, எழுபத்து மூன்று, எழுபத்தாறு என்று சொன்னாள். மகளிடம் பல் பிடுங்கப் போனதாகப் பொய் சொன்னேன் என்றும் சொன்னாள். அங்கேதான் குரல் உடைந்தது.

நிகாந்தர் சாமியார் அதைப் பூசி மெழுகவில்லை. "கொலைதான் மகளே," என்றார். "வேற பேரு சொல்லி உனக்கு நான் லேசாக்கித் தர மாட்டேன். ஒரு வருஷம் உனக்கு நற்கருணை கிடையாது. ரொட்டி சுடத் தெரியுமா?"

"இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது, சாமி."

"அப்போ மத்தவங்க வாங்குற அப்பத்தை நீ சுடு. சுட்டுக் குடுத்துட்டுப் பின்னால போய் நில்லு."

பக்திமான் பெண்கள் நாலு பேர் முணுமுணுத்தார்கள், பரிகாரத்தில் இருக்கிறவள் எப்படிப் பூசைக்கு மாவு பிசையலாம் என்று. நிகாந்தர் சாமியார் அவர்களை அழைத்து, கை சுத்தமானவர் யாரோ அவரே வந்து சுடலாம், தடையில்லை என்றார். ஒருத்தியும் முன்வரவில்லை. எல்லோரும் அதே ஆஸ்பத்திரியைப் பார்த்தவர்கள்தான்.

ஐம்பத்திரண்டு வாரம் கிளாவா அப்பம் சுட்டாள்; ஐம்பத்திரண்டு வாரம் கதவோரம் நின்று, மற்றவர்கள் வரிசையில் போய் வாய் திறந்து வாங்குவதைப் பார்த்தாள். அடுத்த உயிர்ப்புத் திருநாளில் நிகாந்தர் சாமியார் அவளைப் பெயர் சொல்லி அழைத்து நற்கருணை கொடுத்தார். பிறகு அப்ப அறைக்கு வந்தார், மேஜைமேல் மூன்று விரல் கையை ஊன்றிக்கொண்டார். கழுத்துச் சாவி அவளிடமே இருக்கட்டும் என்றார். இன்னொன்றும் சொன்னார்:

"இது தீர்ந்துபோச்சு. இனிமே இந்த ரெண்டையும் எங்கிட்டயும் சொல்லாத, எனக்கு அப்புறம் வர்றவங்ககிட்டயும் சொல்லாத. மறுபடி சொன்னா, கடவுள் மன்னிச்சதை நீ நம்பலைன்னு அர்த்தம். அது முதல் பாவத்தை விடப் பெருசு."

அவள் சொல்லவில்லை. அந்த இரண்டையும் மறந்தாள் என்றில்லை; ஊசி குத்தும்போதெல்லாம் நினைத்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஸ்தெபான் இறந்தான். நாத்யா கல்யாணமாகி எல்லை தாண்டி ரஷ்யாவுக்குப் போனாள். ஆலையை மூடினார்கள். சனி தவறாமல் அடுப்பு எரிந்தது.

போன வருடம் நிகாந்தர் சாமியார் இறந்தார். இலையுதிர் காலத்தில் வலேரியன் சாமியார் வந்தார். ரஷ்யாவில் படித்தவர், நல்ல குரல், நன்றாக வாரிய தாடி. ஒழுகிய கூரையை வந்த மாதமே சரிசெய்தார், அதை மறுக்கக் கூடாது. கூரையோடு நின்றிருந்தால் ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கும். அவர் மனிதர்களையும் பழுது பார்க்கத் தொடங்கினார்.

மெழுகுவத்தி விற்கும் மேஜைமேல் ஒரு கட்டு அச்சடித்த தாள் வந்து சேர்ந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, வருகிறவர்கள் பேரை எழுதி, தாளில் உள்ள பாவங்களில் தன்னுடையதைக் குறித்துக்கொண்டு வரவேண்டும். நோன்பு நாளில் டி.வி. பார்த்தது, ராசிபலன் படித்தது, அண்டை வீட்டாரைக் கரித்துக் கொட்டியது என்று போய்ப் பதினேழாவதாக இருந்தது: "கருவில் இருந்த பிள்ளையைக் கொன்றேன். எத்தனை தடவை?" பக்கத்தில் எண் எழுத ஒரு கட்டம். நாற்பத்து மூன்று பாவம் இருந்த அந்தத் தாளில், தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனவனுக்கு ஒரு கட்டம் இல்லை. கிளாவா இரண்டு தடவை தேடிப் பார்த்தாள்.

பதினேழாம் எண்ணைக் குறித்தவர்களுக்கு ஒரு பரிகாரச் சடங்கு. சனிக்கிழமை மாலை, கறுப்பு முக்காடு போட்டு, கையில் மெழுகுவத்தியோடு எல்லோருக்கும் முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். சாமியார் ஒவ்வொரு பெண்ணின் பேரையும் உரக்க வாசிப்பார். நாற்பது சனிக்கிழமை. முதல் வாரமே பதினோரு பெண்கள் நின்றார்கள், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், முட்டி வலியோடு. பதினோரு பேரும் நிகாந்தர் சாமியாரிடம் எப்போதோ சொல்லி அழுது மன்னிப்பு வாங்கியவர்கள். அவர்களில் ராயிசா மூன்றாவதாக நின்றாள்.

ராயிசா இப்போது மெழுகுவத்தி மேஜையைக் கவனிக்கிறாள். கெட்டவள் இல்லை, பயந்தவள். தலையும் வாலும் இல்லாத துண்டுப் பிரசுரங்களை எல்லாம் வாங்கிப் படிப்பாள். அவற்றில் ஒன்றில் கலைந்த பிள்ளைகள் இருட்டில் நின்று அம்மாவைக் கூப்பிடும் என்று போட்டிருந்ததாம். அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அங்கிருக்கும் சாமியாரிடம் மறுபடி அதே பாவத்தைச் சொல்வாள். ஒவ்வொருவரும் மன்னித்தார்கள். ஒவ்வொரு மன்னிப்பும் அவளுக்கு ஒரு மாதம் தாங்கும்.

கிளாவா தன் தாளில் ராசிபலனைக் குறித்தாள், அண்டை வீட்டாரைக் குறித்தாள், பதினேழைத் தொடாமல் விட்டாள். வலேரியன் சாமியார் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கிளாவ்தியா யெகோரோவ்னா, பதினேழு காலியா இருக்கு."

"ஆமா, சாமி."

"உங்க வயசுல, இந்த ஊர்ல, காலியா இருக்க வழியில்லையே."

"அதைக் கேக்க வேண்டியவர் கேட்டு முடிச்சுட்டார், சாமி. பதில் சொல்லியாச்சு."

அவர் குரலைத் தாழ்த்தினார். மறைத்த பாவம் மன்னிக்கப்படுவதில்லை என்றார். பிறகு, உங்கள் ஆத்துமாமேல் அக்கறை உள்ள ஒரு சகோதரி சொன்னார்கள் என்று ஆரம்பித்து, "எழுபத்து மூணு, எழுபத்தாறு" என்றார். கிளாவாவுக்கு உச்சந்தலையில் வெந்நீர் ஊற்றியதுபோல இருந்தது. அந்த இரண்டு வருடமும் தெரிந்தவள் இந்த உலகத்தில் ஒருத்திதான் உயிரோடு இருக்கிறாள்.

மறைக்கவில்லை, நிகாந்தர் சாமியாரிடம் சொன்னேன், பரிகாரமும் செய்தேன் என்றாள். அந்தப் பாவத்துக்குப் பழைய விதி பத்து வருடம் என்றார் இவர்; ஒரு வருடத்தில் விட்டது அவருடைய இளகிய மனசு, அந்த இளக்கத்தை நான் தொடர முடியாது என்றார். நாற்பது சனிக்கிழமை நில்லுங்கள், அதுவரை நற்கருணையும் இல்லை, அப்ப அறையும் இல்லை. பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார்:

"கையில ரத்தத்தை வச்சுக்கிட்டுப் பூசைக்கு மாவு பிசையறது சரியில்லை."

கையை நீட்டினார். சாவிக் கயிற்றின் முடிச்சு இருபத்தோரு வருடத்து முடிச்சு, அவிழவில்லை. கிளாவா கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர் அந்தச் சாவியைத் தன் இடுப்பு வளையத்தில், கார்ச் சாவிக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டார். எத்தனை பெரிய மனிதர் கொடுத்த மன்னிப்பு அது, அவள் எத்தனை வாரம் அடுப்பில் வெந்து சம்பாதித்தது, இவர் காரைத் திறக்கிற சாவியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

கிளாவா நேராக ராயிசா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்ததும் ராயிசாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன்டி சொன்ன?"

"நீயும் தப்பிக்கணும்னுதான், கிளாவா. உன் பேரு மட்டும் அந்த லிஸ்ட்ல இல்லையேன்னு எனக்குத் தூக்கமே வரலைடி."

"உனக்குத் தூக்கம் வரலைன்னா என்னோட வாழ்க்கையை எடுத்துத் தலைக்கு வச்சுக்குவியா? நான் மன்னிப்பு வாங்கிட்டேன்டி. நீயும் வாங்கிட்ட. அஞ்சு தடவை வாங்கிட்ட. இன்னும் எத்தனை பேரு கையெழுத்துப் போட்டா நம்புவ?"

ராயிசா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைக் கசக்கிக்கொண்டே நின்றாள். கிளாவா படி இறங்கிவிட்டாள். நாற்பது வருடச் சிநேகிதியின் வீட்டில் ஒரு வாய் தேநீர் குடிக்காமல் திரும்பியது அன்றுதான் முதல் முறை.

பக்கத்து வீட்டு குல்யாஷுக்கு விஷயம் மறுநாளே தெரிந்தது. குல்யாஷ் ஆலையில் எடைமேடைக் கணக்கராக இருந்தவள், ரம்ஜான் நோன்பு பிடிப்பவள், வாய் நீளம். சுடச்சுடப் பொரித்த பவுர்சாக் மாவு உருண்டை ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"உங்க கடவுளுக்கு ஞாபகமறதியாடி? ஒரு தடவை மன்னிச்சதை மனசுல வச்சுக்க மாட்டாரா?"

"அவர் மறந்துட்டார், குல்யாஷ். மன்னிக்கிறதுன்னா அதுதான். ஞாபகம் வச்சிருக்கிறது இவங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த மூன்று வாரமும் கிளாவாவுக்குள் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. நின்றால்தான் என்ன? நாற்பது சனிக்கிழமை, கறுப்பு முக்காடு, ஒரு கட்டத்தில் இரண்டு என்று ஓர் எண். சாவி திரும்ப வந்துவிடும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? கௌரவம் பார்க்கிற வயசும் இல்லை. சனிக்கிழமை விடிந்ததும் கை தானாக மாவைத் தேடியது; மேஜையில் வெறும் விரலால் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் முக்காட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தும் விட்டாள்.

எடுத்தவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தாள். மறுபடி போய் இரண்டு என்று எழுதினால், கதவோரம் நின்ற அந்த ஐம்பத்திரண்டு வாரம் என்ன? பேர் சொல்லி அழைத்து அவள் நாக்கில் வைத்தாரே, அது என்ன? நிகாந்தர் சாமியார் பொய் சொன்னாரா? கடவுள் அன்றைக்கு மன்னித்துவிட்டுப் புதிய சாமியார் வந்ததும் சரி, திரும்பக் கொடு என்று கேட்கிறாரா? அப்படிக் கேட்கிற கடவுளுக்கா அவள் இத்தனை வருடம் அப்பம் சுட்டாள்? அவளுக்குக் கோபம் வந்தது. பாவத்துக்காக அழுத அழுகையில்கூட இவ்வளவு சூடு இல்லை. முக்காட்டை மடித்து மறுபடி பெட்டிக்குள் போட்டாள்.

அந்த ஞாயிறு பூசைக்கு அப்பம் நகரத்திலிருந்து அட்டைப்பெட்டியில் வந்தது. பூசை முடிந்து எல்லோருக்கும் சின்ன அப்பம் கொடுத்தார்கள். அது நற்கருணை அல்ல என்பதால் அவளுக்கும் ஒன்று கிடைத்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முத்திரை ஒரு பக்கம் கொப்புளம்போல உப்பியிருந்தது, சிலுவையின் ஒரு கை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. யந்திரம் குத்திய ஊசி, அடிவரை இறங்கவில்லை. அதைத் தின்னவும் மனம் வராமல், போடவும் மனம் வராமல், கைக்குட்டையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

தவக்காலத்துக்கு முந்தின நாள் மன்னிப்பு ஞாயிறு. காலையிலிருந்து ஊரே வெண்ணெய் தடவி மெல்லிய அடை சுட்டுத் தின்னும். மறுநாளிலிருந்து வெண்ணெய் கிடையாது. மாலையில் எல்லோரும் தேவாலயத்துக்கு வந்து, ஒருவர் விடாமல் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதலில் கேட்பவர் சாமியார். வரிசையாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் குனிந்து, பாவியாகிய என்னை மன்னியுங்கள் என்பார். கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன், என்னையும் மன்னியுங்கள் என்று வந்தவர் குனிவார். கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன் என்று சாமியார் சொல்வார். பிறகு வந்தவர் நகர்ந்து பக்கத்தில் நிற்க, அடுத்தவர் வருவார். நூறு பேருக்கு நூறு தடவை. பாதிப் பேர் நாளைக்கு என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டே சொல்வார்கள். சவுக்கியமா என்றால் சவுக்கியம் என்பது போலத்தான் அது ஓடும்.

கிளாவா வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ராயிசா நின்றாள், இருவரும் பேசவில்லை. வரிசை வேகமாக நகர்ந்தது. வலேரியன் சாமியாருக்கு அன்று குரல் கொஞ்சம் கட்டியிருந்தது. கிளாவா முன்னால் வந்ததும் மற்றவர்களுக்குக் குனிந்தது போலவே குனிந்தார்.

"பாவியாகிய என்னை மன்னியுங்கள், கிளாவ்தியா யெகோரோவ்னா."

கிளாவா குனியவில்லை.

"எதுக்கு, சாமி?"

அவருக்குக் காதில் விழவில்லையோ என்னவோ, மறுபடி அதையே சொன்னார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. மெழுகுவத்தி மேஜைப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"எதுக்குன்னு கேட்டேன், சாமி. என்ன செஞ்சீங்க? எத்தனை தடவை?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை வரிசையில் நின்ற பதினோரு பெண்களும் அப்போது தேவாலயத்தில்தான் இருந்தார்கள். அந்தக் கடைசி இரண்டு சொல் அவர்கள் ஒவ்வொருவர் காதிலும் போய் விழுந்தது. இருபத்தொன்பது வயசு முகம் தாடிவரை சிவந்தது. சொல்ல அவருக்கு ஏதோ இருந்தது, அது அவருக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது. ஆனால் நூறு பேருக்கு முன்னால் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. எப்படி எழும்? அவளுக்கும் எழவில்லையே. அதைத்தானே இவர் நாற்பது சனிக்கிழமை எழச் சொன்னார்.

கிளாவா அவரைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க விட்டாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு இனித்தது, அதை ஒளிப்பானேன்.

"சரி, சொல்ல வேணாம். நான் கேக்க மாட்டேன். என்னையும் ஒருத்தர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். கடவுள் மன்னிப்பார், சாமி, நானும் மன்னிச்சுட்டேன். அடுத்த வருஷம் இதே பாவத்தைத் தூக்கிட்டு எங்கிட்ட வராதீங்க, இது தீர்ந்துபோச்சு."

அறுபத்தொரு வயசு முதுகை வளைத்து, கை தரையைத் தொடும்வரை குனிந்தாள்.

"என்னையும் மன்னியுங்க, சாமி."

அன்று மாலை அறுபது எழுபது தடவை சொன்ன வாய். மற்றவர்களுக்குச் சொன்னது போலவே அவளுக்கும் சொல்லிவிட்டது:

"கடவுள் மன்னிப்பார். நானும் மன்னிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கிளாவா நிமிர்ந்தாள். மேலங்கி மடிப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"அப்போ சாவியைக் குடுங்க, சாமி."

வரிசை நகரவில்லை. அந்தக் கையும் கீழே இறங்கவில்லை. பின்னால் நின்ற ராயிசா முதல் முறையாக வாயைத் திறந்தாள். "குடுத்துடுங்க, சாமி," என்றாள், அழுதுகொண்டே. "மன்னிச்சுட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க, நாங்க எல்லாரும் கேட்டோம்."

வலேரியன் சாமியார் இடுப்பு வளையத்தைத் துழாவினார். கார்ச் சாவி முதலில் கையில் வந்தது.

தாள் கட்டு இன்னும் மெழுகுவத்தி மேஜையில்தான் இருக்கிறது. பதினேழாம் எண்ணும் இருக்கிறது. ஆனால் அடுத்த சனிக்கிழமை முன்னால் வந்து நின்றவர்கள் நாலு பேர்தான், ராயிசா அதில் இல்லை. அவள் அன்று அப்ப அறையில் கிளாவாவுக்கு மாவு சலித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு அன்று பீடம் ஏறிய ஐந்து அப்பத்திலும் சிலுவை நேராக இருந்தது.